பழைய இணையத்தளங்களில் டார்க் மோட் நீட்சிகள் ஏன் தடுமாறுகின்றன, எப்படித் திருத்தலாம்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. இரவில் வாசிக்கும்போது கண் கூசாமல் இருக்க உலாவியில் ஒரு டார்க் மோட் நீட்சி, அதாவது பக்கங்களை இருண்ட பின்னணியில் காட்டும் சின்னத் துணை நிரல், போட்டிருக்கிறீர்கள். புதிய தளங்களில் அது நன்றாக வேலை செய்கிறது. 2000களின் தொடக்கத்தில் செய்த தமிழ்ச் சஞ்சிகைப் பக்கங்களையும் பழைய விரிவுரைக் குறிப்புகளையும் திறந்தால் மட்டும் நடுவே வெள்ளைத் திட்டுகள் நிற்கின்றன. சில இடங்களில் எழுத்தே மறைந்துபோகிறது. கொழும்பில் இறுதி வருடம் படிக்கும் நீங்கள் இதையே செயற்றிட்டமாக எடுக்க நினைக்கிறீர்கள். முழுப் பக்கத்தின் நிறங்களையும் தலைகீழாக்குவதா, அல்லது ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனித் திருத்தம் எழுதுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: நிறத்தை இன்று யாரும் எழுதாத இடங்களில் எழுதிவைத்த ஒரு பக்கத்தை ஒரு புரோகிராம் எப்படி வாசித்து விளங்கிக்கொள்வது? அதற்கு விடை கிடைத்தால் உங்கள் இரண்டு தெரிவுகளும் தானாகவே தங்களுக்குரிய இடத்துக்குப் போய்விடும்.

நான் 2001 இலிருந்து கொழும்பில் இணையத்தளங்கள் செய்து வருகிறேன். காலி வீதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் தொடங்கியபோது நாங்கள் செய்த பக்கங்கள் இதே வகைதான்: அட்டவணைக்குள் அட்டவணை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பின்னணி நிறம், தலைப்புக்கு ஒரு படம். இப்போது, பார்வை குறைந்தவர்களும் பாவிக்கக்கூடியதாகத் தளங்களைத் திருத்துவது என் வேலையின் பெரும்பகுதி. அந்த வேலைக்காக நானே இரண்டு சின்ன நீட்சிகள் எழுதிப் பாவித்திருக்கிறேன். ஃபயர்பொக்ஸிலும் குரோமிலும்தான் என் அனுபவம் அதிகம். சஃபாரிக்கு நான் எழுதியது குறைவு, ஆகவே அங்கே நீங்களே ஒவ்வொன்றையும் பரிசோதித்துப் பாருங்கள்.

முதலில் தலைகீழாக்கும் வழி. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் ஃபில்டரில் இன்வெர்ட் (நிறங்களை எதிர்நிறமாக்கும் கட்டளை) போட்டு, நீலம் மஞ்சளாகிவிடாமல் இருக்க நிறச் சாயலை 180 பாகை திருப்புவது. ஒரு வரியில் முடிந்துவிடும், எந்தப் பழைய பக்கத்திலும் உடனே இருட்டு வரும். ஆனால் அந்தச் சாயல் திருப்பல் உண்மையான நிறச் சக்கரத்தில் நடப்பதில்லை. அது நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளான மூன்று எண்களை ஒரு அணியால் பெருக்கும் அண்ணளவுக் கணக்கு. 0 முதல் 255 வரையான எல்லைக்கு வெளியே போவதை வெட்டிவிடும். சுத்தச் சிவப்பை இந்த வழியில் அனுப்பினால் 255, 146, 146 என்ற வெளிர் ரோஜா நிறம் வரும். படங்கள் கெடக்கூடாது என்று அவற்றை மட்டும் இரண்டாம் தடவை திருப்புவார்கள். அப்போதும் பழைய நிறம் திரும்பி வராது. அதே சிவப்பு செங்கல் போல மங்கித்தான் வரும். கோயில் திருவிழாப் படம் ஒன்றை இப்படிப் பார்த்தால் குங்குமமே வெளிறித் தெரியும். இந்த ஃபில்டரை, பக்கத்தின் மற்ற எல்லாப் பகுதிகளையும் அடக்கும் வேர் உறுப்பில்தான் போடவேண்டும். உள்ளடக்கத்தைக் கொண்ட பாடி உறுப்பிலோ வேறு உறையிலோ போட்டால், திரையோடு ஒட்டி நிற்கவேண்டிய பகுதிகள் இடம் மாறிப் பக்கத்தோடு சேர்ந்து உருளத் தொடங்கும்.

பழைய தளங்களில் இன்னொரு பொறி இருக்கிறது: ஃபிரேம். இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் கட்டுரை என்று ஒரே ஜன்னலில் இரண்டு மூன்று ஆவணங்கள் இருக்கும். வெளி ஆவணத்தில் ஃபில்டர் போட்டால் உள்ளே இருப்பதும் சேர்ந்து தலைகீழாகும். நீட்சி உள் ஆவணத்திலும் அதையே போட்டால் இரண்டு தடவை திரும்பி மறுபடி வெள்ளையாகிவிடும். ஆகவே ஃபில்டர் வழியென்றால் மேல் ஆவணத்தில் மட்டும்; நிறங்களை மாற்றி எழுதும் வழியென்றால் எல்லா ஃபிரேம்களிலும். இந்த ஒரு விதியைப் பிழையாக வைத்தால் பாதிப் பக்கம் வெள்ளை, பாதிப் பக்கம் கறுப்பு என்று வரும்.

நிறங்களை மாற்றி எழுதும் வழிதான் நல்ல வழி. டார்க் ரீடர் நீட்சியின் டைனமிக் முறை இப்படித்தான் செய்கிறது: ஸ்டைல்ஷீட்களை (பக்கத்தின் சிஎஸ்எஸ் விதிகளின் தொகுப்புகளை) வாசித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இருண்ட சோடி ஒன்றைக் கணக்கிட்டு, புதிய விதிகளை எழுதுகிறது. பழைய பக்கத்தில் ஸ்டைல்ஷீட்டே இருக்காது என்பதுதான் சிக்கல். நிறம் பாடியின் டெக்ஸ்ட், லிங்க், விலிங்க் பண்புகளில், அதாவது எழுத்து, இணைப்பு, போய்வந்த இணைப்பு ஆகியவற்றின் நிறத்தை உறுப்புக்குள்ளேயே எழுதும் இடங்களில், இருக்கும். அட்டவணைக் கட்டத்தின் பிஜிகலர் என்ற பின்னணி நிறப் பண்பில் இருக்கும். ஃபொண்ட் உறுப்பின் கலரில் இருக்கும். மீதி படத்துக்குள் இருக்கும். பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பு வெளிவந்த 1997 இலேயே இவற்றைக் கைவிடும்படி சொல்லிவிட்டார்கள், ஆனாலும் அதற்குப் பிறகு பல வருடம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். டார்க் ரீடர் போன்ற முதிர்ந்த நீட்சிகள் இந்தப் பண்புகளையும் பார்க்கின்றன. புதிதாக எழுதுபவர்கள்தான் அநேகமாக இதைத் தவறவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தப் பண்புகளால் வரும் நிறத்துக்கு உலாவி மிகக் குறைந்த முன்னுரிமைதான் கொடுக்கிறது. பக்கத்தின் சொந்த சிஎஸ்எஸ் விதிகளுக்கெல்லாம் முன்னால், பூச்சிய எடையுடன் எழுதிய விதி போலத்தான் அதைக் கணக்கிடுகிறது. உங்கள் விதி எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அதை மேவிவிடும். ஆகவே மேவுவது கஷ்டமே இல்லை. எதை, என்ன நிறத்தால் மேவுவது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

அதற்குப் பண்பின் பெறுமானத்தை நீங்களே வாசித்து மொழிபெயர்க்கப் போகாதீர்கள். பழைய நிறப் பண்புகளை உலாவி வாசிக்கும் விதி மிகவும் தாராளமானது. முன்னால் வரவேண்டிய # குறி இல்லாவிட்டாலும் ஏற்கும்; எழுத்துப்பிழை இருந்தாலும் ஏற்கும்; நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை எழுதினால்கூட, புரியாத எழுத்துகளைப் பூச்சியமாக எடுத்து ஏதோ ஒரு நிறத்தைக் கொடுத்துவிடும். இதை உங்கள் நிரலில் மறுபடி எழுதத் தேவையில்லை. உலாவியிடமே கேளுங்கள்: இந்த உறுப்புக்குக் கடைசியில் என்ன நிறம் வந்தது? கணக்கிட்ட ஸ்டைலைத் தரும் செயற்பாடு அதைத்தான் தருகிறது. நிறம் பண்பில் எழுதியிருந்தாலும் சரி, ஸ்டைல்ஷீட்டில் எழுதியிருந்தாலும் சரி, விடை ஒரே வடிவில் வரும்.

இப்போது, என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம். எழுத்து மறைந்துபோகிறது என்றீர்களே, அதற்குப் பெரும்பாலான காரணம் பாதி மட்டும் எழுதிய நிறம். ஒரு கட்டத்துக்கு வெள்ளைப் பின்னணி என்று எழுதியிருப்பார்கள், எழுத்து நிறத்தை எழுதியிருக்க மாட்டார்கள். வழமையான கறுப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்தானே. அல்லது எழுத்துக்கு மட்டும் கடும் நீலம் என்று எழுதிவிட்டு, பின்னணியை உலாவியின் வழமைக்கு விட்டிருப்பார்கள். நீட்சி வழமையை இருட்டாக மாற்றியவுடன், எழுதிய பாதி பழைய உலகத்திலும் எழுதாத பாதி புதிய உலகத்திலும் நிற்கும். வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து வருவது இப்படித்தான். நவீன தளத்தில் எழுத்தும் பின்னணியும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதப்பட்டிருப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

ஆகவே நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, எழுத்தையும் அது நிற்கும் பின்னணியையும் ஒரு சோடியாக எடுத்து மாற்றுங்கள். உங்கள் செயற்றிட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். எழுத்து உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும், மேலே மேலே ஏறிப்போய், ஒளி புகாத பின்னணி கொண்ட முதல் உறுப்பைத் தேடுங்கள். அந்தப் பின்னணிக்கு இருண்ட நிறம் ஒன்று கணக்கிடுங்கள். பிறகு எழுத்து நிறத்தைக் கணக்கிட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளந்து பாருங்கள். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று கேட்கிறது. அதற்குக் குறைந்தால் எழுத்தைத்தான் வெளிச்சமாக்க வேண்டும். பின்னணியைத் தொட்டால் பக்கத்தில் உள்ள மற்றக் கட்டங்களோடு அதன் உறவு கெட்டுவிடும்.

மேலே ஏறித் தேடுவது எப்போதும் சரிவராது. ட்ரீம்வீவர் என்ற பக்கம் செய்யும் மென்பொருளில் லேயர் (விரும்பிய இடத்தில் வைக்கும் பெட்டி) போட்டுச் செய்த பக்கங்களில், எழுத்து ஓர் இடத்தில் எழுதப்பட்டு, திரையில் வேறோர் உறுப்பின் மேல் மிதக்கும். அங்கே தாய் உறுப்பின் நிறம் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் நிறமே இல்லை. குறித்த புள்ளியில் எந்தெந்த உறுப்புகள் அடுக்காக இருக்கின்றன என்று உலாவியிடம் கேட்கலாம். ஆனால் அது திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும்தான் விடை தரும். நான் செய்தது: நிலை மாற்றிய உறுப்புகளுக்கு மட்டும் இந்தச் சோதனை, மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரணத் தேடல்.

ஒவ்வொரு உறுப்புக்கும் கணக்கிட்ட ஸ்டைலைக் கேட்டால் உலாவி மெதுவாகிவிடாதா என்று நீங்கள் யோசிக்கலாம். நவீன சமூகத் தளம் ஒன்றில் கட்டாயம் மெதுவாகும். பழைய பக்கம் சின்னது. சில நூறு உறுப்புகள், கூடினால் சில ஆயிரம். ஒரு கவனம் மட்டும் தேவை: எல்லாவற்றையும் முதலில் வாசித்து முடியுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதுங்கள். ஒன்றை வாசித்து ஒன்றை எழுதி மாறி மாறிப் போனால் உலாவி ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்குப் போடும். சின்னப் பக்கம்கூடத் திணறும்.

இருண்ட நிறத்தைக் கணக்கிடும்போது நிறத்தைச் சாயல், செறிவு, வெளிச்சம் என்று எழுதும் எச்எஸ்எல் முறையை நம்பாதீர்கள். அதில் சுத்த மஞ்சளுக்கும் சுத்த நீலத்துக்கும் வெளிச்சம் 50 வீதம் என்றே வரும். ஆனால் வேறுபாட்டை அளக்கும் சூத்திரத்தில் மஞ்சளின் ஒளிர்வு 0.93, நீலத்தினது 0.07. பழைய பக்கங்களில் இந்த இரண்டு நிறமும் தாராளமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும்படி அமைத்த ஓகேஎல்சிஎச் என்ற நிறவெளி 2020 இல் வந்தது. 2023 நடுப்பகுதிக்குள் முக்கிய உலாவிகள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதில் வெளிச்சத்தை மட்டும் திருப்பி, சாயலை அப்படியே விட்டு, நிறச் செறிவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். வெள்ளையும் இளஞ்சாம்பலும் மாறி மாறி வரும் அட்டவணை வரிசைகளை மட்டும் தனியாகச் சோதியுங்கள். வெளிச்சத்தை நேராகத் திருப்பினால் அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பாகி, வரிசை பிரிந்து தெரியாது.

இணைப்புகளுக்கு எண்களாலேயே சொல்கிறேன். நிறம் எழுதாத இணைப்புக்கு உலாவிகள் வழக்கமாகக் கொடுத்துவந்த நீலம், வெள்ளைப் பின்னணியில் 9.4:1 வேறுபாடு தரும். முழுக் கறுப்பில் 2.2:1 தான். ஒருமுறை போய்வந்த இணைப்பின் ஊதா, வெள்ளையில் 11:1, கறுப்பில் 1.9:1. அதாவது நிறம் எழுதாத பழைய பக்கத்தில் பின்னணியை மட்டும் கறுப்பாக்கினால் இணைப்புகள் அனைத்தும் வாசிக்க முடியாமல் போகும். சிலர் எல்லா இணைப்புகளுக்கும் ஒரே வெளிர் நீலத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய சஞ்சிகையின் உள்ளடக்கப் பக்கத்தில் நூறு தலைப்புகள் வரிசையாக இருக்கும்போது, எதை வாசித்தோம் எதை வாசிக்கவில்லை என்று காட்டுவது அந்த ஊதா ஒன்றுதான். அதைப் பறிக்காதீர்கள். போய்வந்த இணைப்பின் உண்மையான நிறத்தை உலாவி தனியுரிமைக்காக உங்களுக்குச் சொல்லாது. கணக்கிட்ட ஸ்டைலில் போகாத இணைப்பின் நிறத்தையே தரும். ஆனால் போய்வந்த இணைப்புக்கென்று தனி விதி எழுத உங்களுக்குத் தடையில்லை.

கட்டமைப்பில் இரண்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடியின் பின்னணி வழமையில் முழுத் திரைக்கும் பரவும். வேர் உறுப்புக்கு நீங்கள் பின்னணி கொடுத்தவுடன் அந்தப் பரவல் நின்றுவிடும், ஓரங்களில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். இரண்டாவது, ஆவண வகை அறிவிப்பு இல்லாத பக்கத்தை உலாவி குவர்க்ஸ் மோடில், அதாவது பழைய உலாவிகளைப் போல நடந்துகொள்ளும் முறையில், திறக்கும். அதில் அட்டவணையின் எழுத்து நிறம் பாடியிலிருந்துதான் வரும். இடையில் உள்ள உறைக்கு நீங்கள் கொடுத்த நிறம் அட்டவணைக்குள் இறங்காது. பக்கமே அட்டவணையால் ஆனது என்றால் உங்கள் நிறம் எங்குமே போய்ச் சேராது. ஆகவே அட்டவணைக்கு நேராக நிறம் கொடுங்கள்.

கலர் ஸ்கீம் என்ற சிஎஸ்எஸ் பண்பை டார்க் என்று போட்டால் உருள்பட்டையும் படிவப் பெட்டிகளும் தானாக இருளும், அது நல்லது. ஆனால் வேர்டில் எழுதி இணையப் பக்கமாகச் சேமித்த விரிவுரைக் குறிப்புகளில் கவனமாக இருங்கள். வேர்ட் பல இடங்களில் நிறத்துக்குப் பதிலாக விண்டோடெக்ஸ்ட் என்ற கணினி நிறப் பெயரை எழுதும், குறிப்பாக அட்டவணைக் கோடுகளுக்கு. கலர் ஸ்கீம் மாறியவுடன் அந்தப் பெயரின் பொருளும் மாறி வெள்ளையாகும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பின்னணி மாறாமல் நிற்கும். கோடுகள் காணாமல் போகும். இதுவும் அதே பாதி எழுதிய நிறப் பிரச்சினைதான்.

இனிப் படங்கள். நான் அதிக நேரம் செலவழித்ததும், இன்னும் முழுத் திருப்தி இல்லாததும் இங்கேதான். தமிழ்த் தளங்களில் இது மற்ற மொழிகளைவிடக் கூடுதலாக வரும். வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்குமோ இராதோ என்ற பயத்தில் தலைப்புகளையும் மெனுக்களையும், சில தளங்களில் முழுக் கவிதையையுமே படமாகப் போட்டோம். ஜிஃப் படத்தில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், அல்லது முழுதாக மறையும். அரைகுறை ஒளிபுகுதல் கிடையாது. அதனால் எழுத்தின் விளிம்பு மென்மையாகத் தெரியவேண்டும் என்று, விளிம்புப் புள்ளிகளைப் பக்கத்தின் பின்னணி நிறத்தோடு, அதாவது வெள்ளையோடு, கலந்து சேமிப்போம். அந்தப் படம் இருண்ட பின்னணியில் வந்தால், எழுத்து கறுப்பாக இருந்து மறைந்துபோகும், அதைச் சுற்றி வெள்ளைத் துகள் போல ஒரு கோடு மட்டும் நிற்கும். உங்கள் சஞ்சிகைப் பக்கங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட படத்தைத் தலைகீழாக்கினால் எழுத்து வெள்ளையாகும், விளிம்புக் கோடு கறுப்பாகிப் பின்னணியோடு கலந்துவிடும். எழுத்துப் படத்துக்கு அதுவே சரி. புகைப்படத்துக்கு அதைச் செய்யவே கூடாது. இரண்டையும் பிரித்தறிய, படத்தைச் சின்னதாகச் சுருக்கிப் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம்: ஒளிபுகும் பகுதி அதிகம், மீதியில் இரண்டு மூன்று நிறம் மட்டும், அவையும் கடும் நிறம் என்றால் அது அநேகமாக எழுத்து. நிறங்கள் நிறைய என்றால் புகைப்படம். படம் வேறு தளத்திலிருந்து வந்தால் உலாவி புள்ளிகளை வாசிக்க விடாது. நீட்சியின் பின்னணிப் பகுதி, அனுமதி பெற்று, தானே இறக்கி வாசிக்க வேண்டும். இந்தச் சோதனை எழுத்துக்கும் புகைப்படத்துக்கும் நன்றாக வேலை செய்கிறது. இடையில் நிற்பவற்றில்தான் சந்தேகம்: வரைபடம், சுற்றுப்படம், இரசாயனச் சமன்பாடு, கொடி, சின்னம். ஒரு நாட்டின் கொடியையோ நிறத்துக்குப் பொருள் உள்ள தேசப்படத்தையோ தலைகீழாக்கினால் அது பிழையான தகவல் ஆகிவிடும். ஆகவே சந்தேகம் வந்த படத்தைத் தொடாமல், அதற்குப் பின்னால் மட்டும் ஒரு வெளிர் நிறத் தட்டு வையுங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இராது, ஆனால் படத்தில் உள்ளது உள்ளபடி தெரியும்.

எழுத்துருவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை ஆங்கிலத் தளங்களில் மட்டும் சோதிப்பவர்களுக்குத் தெரியவே வராது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவலாவதற்கு முன்னர் நம் தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டன. அந்தப் பக்கத்தின் மூலத்தில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினி எழுத்துரு போட்டால்தான் அவை தமிழாகத் தெரியும். டார்க் மோட் நீட்சிகள் பலவற்றில் எழுத்துருவையும் மாற்றும் வசதி சேர்ந்தே இருக்கிறது. அதை ஒருவர் போட்டுவிட்டு இப்படிப்பட்ட பக்கத்தைத் திறந்தால், வாசித்துக்கொண்டிருந்த தமிழ் ஒரு கணத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். உங்கள் நீட்சியில் அந்த வசதி இருந்தால், பக்கம் பாமினி போன்ற பழைய எழுத்துருவைக் கேட்கிறதா என்று பார்த்து, கேட்டால் எழுத்துருவைத் தொடாமல் விடுங்கள். நிறத்தை மட்டும் மாற்றுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளியும், ண, ன போன்றவற்றின் சுழிகளும் சிறிய அளவில் நெருக்கமாக இருக்கும். முழுக் கறுப்பில் முழு வெள்ளை எழுத்துப் போட்டால், குறிப்பாக ஆஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை உள்ள கண்களுக்கு, வெளிச்சம் விளிம்பைத் தாண்டிப் பரவி அந்தச் சுழிகளை நிரப்பிவிடும். பின்னணிக்குக் கடும் சாம்பலும் எழுத்துக்கு மங்கிய வெள்ளையும் போதும்.

இனி, தளத்துக்குத் தளம் திருத்தம் எழுதுவது பற்றி. பிரபலமான நூறு தளங்களுக்கு அது நல்ல வழி. டார்க் ரீடர் திறந்த மூலமாக இருப்பதால் பலர் அப்படித் திருத்தங்களை அனுப்புகிறார்கள். பழைய தளங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், ஒவ்வொன்றுக்கும் வாசகர்கள் மிகக் குறைவு. எவரும் உட்கார்ந்து எழுதமாட்டார்கள். அதுவுமல்லாமல் அவற்றில் பல இப்போது, பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற இணைய ஆவணகத்தில்தான் கிடைக்கின்றன. அங்கே முகவரி ஆவணகத்தினுடையது, ஆகவே முகவரியை வைத்து எழுதிய திருத்தம் பொருந்தாது. நான் சிபாரிசு செய்வது, முகவரிக்குப் பதிலாகப் பக்கத்தைச் செய்த மென்பொருளை வைத்துத் திருத்தம் எழுதுவது. மைக்ரோசொஃப்டின் ஃப்ரன்ட்பேஜ் மென்பொருளில் செய்த பக்கம் அநேகமாக ஜெனரேட்டர் என்ற மெட்டாக் குறிப்பில் (மூலத்தில் மட்டும் இருக்கும், திரையில் தெரியாத குறிப்பில்) தன் பெயரையும் பதிப்பையும் எழுதிவைத்திருக்கும், 4.0 என்றால் ஃப்ரன்ட்பேஜ் 2000. வேர்ட் பக்கத்தை அதன் எம்எஸ்ஓ என்று தொடங்கும் ஸ்டைல் பெயர்களால் அடையாளம் காணலாம். ஒரே மென்பொருள் செய்த பக்கங்கள் ஒரே விதமாகத்தான் உடைகின்றன. பத்துப் பன்னிரண்டு திருத்தங்கள் ஆயிரக்கணக்கான தளங்களுக்குப் போதும் என்பது என் கணிப்பு. இது கணிப்புத்தான், எண்ணிப் பார்த்து உறுதிசெய்வது உங்கள் செயற்றிட்டத்துக்கே ஒரு நல்ல அத்தியாயம் ஆகும்.

சின்ன விஷயங்கள் சில. பழைய மெனுக்கள் மவுஸ் மேலே வந்தவுடன் பிஜிகலரை நேராக மாற்றும். அந்தப் பண்பைக் கவனிக்கும் ஒரு மாற்றக் கண்காணிப்பை வைத்தால் போதும். உங்கள் விதிகளைத் திரைக்கு மட்டும் என்று வரையறுங்கள்; இல்லாவிட்டால் ஒருவர் பழைய வினாத்தாளைக் கொம்யூனிகேஷன் கடையில் அச்சிடக் கொடுத்து, தாளில் மங்கிய எழுத்தோடு திரும்பி வருவார். பக்கம் தொடங்கும்போதே நிரல் ஓடவேண்டும், அப்போதுதான் முதல் வெள்ளை மின்னல் வராது. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் தளத்தில் உள்ளது போன்ற ஸ்கேன் செய்த பிடிஎஃப்களை இதில் சேர்க்காதீர்கள். அங்கே பக்கம் முழுவதும் ஒரே படம், தலைகீழாக்கும் ஃபில்டரே போதும்.

எது உறுதி, எது சந்தேகம் என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பது நல்லது, மதிப்பீட்டாளர்கள் கட்டாயம் கேட்பார்கள். முன்னுரிமை விதி, ஃபிரேம் விதி, வேறுபாட்டு எண்கள், ஜிஃப் விளிம்பு, இவை எல்லாம் உறுதி; யார் சோதித்தாலும் அதே விடைதான் வரும். படத்தை வகைப்படுத்துவது ஊகம். இருண்ட பின்னணி கண்ணுக்கு நல்லது என்பதும் பொதுவான உண்மை அல்ல. வெளிர் பின்னணியில் கடும் எழுத்தைத்தான் மனிதர்கள் கூடிய துல்லியத்தோடு வாசிக்கிறார்கள் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. பேட்டரி மிச்சமாவதும், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில்தான், எல்சிடியில் அல்ல. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, எல்சிடி ஃபோனில் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டுப் பேட்டரி நிற்கும் என்று நம்பியிருந்த பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இருட்டறையில் வெள்ளைத் திரை கூசுகிறது என்பவருக்கு அந்தக் கூச்சம் உண்மை, அவருக்காக இதைச் செய்வது பெறுமதியான வேலை.

அதனால் ஒரு மூன்றாவது நிலையையும் வையுங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் நிரலுக்கு நம்பிக்கை குறைவு என்றால், உதாரணமாக எழுத்துக்குப் பின்னால் பின்னணிப் படம் இருக்கிறது, அல்லது பாதிக்கு மேற்பட்ட படங்கள் சந்தேக வகை என்றால், இருட்டாக்கவே வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் குறைத்து, கொஞ்சம் மஞ்சள் கலந்து காட்டுங்கள். எழுத்து ஒன்றும் மறையாது, கூச்சமும் குறையும். வாசகர் விரும்பினால் ஒரு சொடுக்கில் முழு இருட்டுக்குப் போகட்டும்; பிழையாகத் தெரியும் கட்டத்தின் மேல் சொடுக்கி இதை விட்டுவிடு என்று சொல்லவும் வழி கொடுங்கள், அந்தத் தெரிவை நினைவில் வைத்திருங்கள்.

தொடங்குவதற்கு, நிரல் எழுத முன்னர் ஐம்பது பழைய பக்கங்களைச் சேமியுங்கள்: பாமினியில் எழுதியவை பத்து, ஃபிரேம் உள்ளவை பத்து, வேர்டிலிருந்து வந்தவை பத்து, மீதி கலவை. உங்கள் கணினியில் வைத்திருக்கும் பக்கங்களைக் குரோம் நீட்சி தொடவேண்டுமென்றால், அந்த நீட்சியின் அமைப்பில் கோப்பு முகவரிகளுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். மறந்துவிட்டு நிரலில் பிழை தேடி ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் 4.5:1 க்குக் குறைந்த எழுத்துகள் எத்தனை என்று, நீட்சி இல்லாமல் ஒரு தடவையும் நீட்சியோடு ஒரு தடவையும் எண்ணுங்கள். அந்த ஐம்பது சோடி எண்கள் கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்த வகையில் முதலில் கைவைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.